பீடத்திலிருந்து கூடத்திற்கு

கிழிந்துபோன சேலை நம் வீடுகளில் ஒரே நாளில் குப்பைக்குப் போவதில்லை. முதலில் அது பிள்ளைக்குத் தூளியாகிறது. தூளியின் மடிப்பு நைந்ததும் தலையணை உறையாகிறது. மிஞ்சிய துண்டுகள் சேர்ந்து ஒட்டுப்போட்ட விரிப்பாகின்றன. இறுதியில் அடுப்படியில் கரித்துணியாகக் கிடந்து ஆயுளை முடித்துக்கொள்கிறது. பழைய பொருளை வீட்டுக்கு அழகூட்டும் புதிய பொருளாக மாற்றும் கைத்திறனை இன்று பெருநகரங்களில் வகுப்பு வைத்துக் கற்பிக்கிறார்கள். நம் பாட்டிமார் அதற்குப் பெயர் வைக்காமலே அதைச் செய்துவந்தார்கள். அதில் எவர் மனமும் உறுத்தியதில்லை. சேலை வீட்டுக்கு வந்து வீட்டிலேயே தேய்ந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அத்துணி பூசைப் பீடத்திலிருந்து வந்ததாக இருந்தால்? இக்கேள்வி வெறும் கற்பனையன்று. பதினாறாம் நூற்றாண்டில் ஒரு நாடு முழுவதும் இதைச் செய்து பார்த்தது.

இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் ஹார்ட்விக் என்றொரு மாளிகை உண்டு. 1590க்கும் 1597க்கும் இடையில் எழும்பியது. அங்கே பாதுகாக்கப்பட்டுவரும் பழைய சுவர்த்திரைகளில் பண்டைய உலகின் புகழ்பெற்ற பெண்மணிகள், ஆளுயரத்தை மிஞ்சிய உருவங்களாக, வளைவுகளுக்கும் தூண்களுக்கும் நடுவே நிற்கிறார்கள். அவர்களுடைய ஆடை அணிகள் தறியில் நெய்தவையுமல்ல, தூரிகையால் தீட்டியவையுமல்ல. வெல்வெட்டையும் பொன்னிழைப் பட்டையும் வெட்டி, துண்டோடு துண்டு சேர்த்து ஒட்டுத்தையலாகத் தைத்தவை. அத்துண்டுகளில் பெரும்பகுதி குருவானவர்கள் பீடத்தின்முன் அணிந்து நின்ற திருவுடைகளிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. பவனிகளில் குரு தோள்மீது போர்த்தி மார்பருகே கொக்கியிட்டுக்கொள்ளும் அரைவட்டப் பெரும் போர்வைகள் அவற்றுள் முக்கியமானவை.

இதைக் கேட்டதும் கத்தோலிக்கர் நெஞ்சில் ஒரு சுருக்கென்ற வலி எழுவது இயல்பே. ஆயினும் தீர்ப்புக் கூறுமுன் நாம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறருடைய துணியை எடுத்துத் தன் தேவைக்கு மாற்றிக்கொள்வதில் திருச்சபையே பழுத்த அனுபவமுடையது. இத்தாலியின் ஃபெர்மோ நகரப் பேராலயத்தில் புனித தாமஸ் பெக்கட்டுக்கு உரியதெனப் போற்றப்படும் திருப்பலி உடை ஒன்று இருக்கிறது. அதன் பட்டும் பொன் பூவேலையும் 1116ஆம் ஆண்டில், முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினின் அல்மேரியா நகரில் உருவானவை. அரபு எழுத்து அதில் இன்றும் தெரிகிறது. பிரான்சின் ஆப்ட் நகரில் புனித அன்னம்மாளின் முக்காடு என நூற்றாண்டுகளாக வணங்கப்பட்டுவந்த மெல்லிய துணி, 1096-97இல் எகிப்தின் தமியாத் நகரில் நெய்யப்பட்டது. ஃபாத்திமியக் கலீஃபாவின் பெயரே அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிற சமய மன்னரின் அரண்மனைத் தறியில் பிறந்த துணி புனிதரின் திருப்பண்டமாக மதிக்கப்படுவதற்கு யாதொரு தடையும் இருக்கவில்லை.

வீட்டிலிருந்து பீடத்திற்குச் செல்லும் பாதையும் நன்கு தேய்ந்த பாதையே. பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலப் பெண்களின் உயில்களில் ஒரு வழக்கம் அடிக்கடி தென்படுகிறது. தன் சிறந்த பட்டு அங்கியைத் திருவுடையாகத் தைத்துக்கொள்ளும்படியோ, தன் படுக்கை விரிப்பைப் பீடத்துக்கு அளிக்கும்படியோ, தலைத்துணியை நற்கருணைத் துகிலாகப் பயன்படுத்தும்படியோ அவர்கள் எழுதிவைத்தார்கள். இறந்தபின்னும் தன் உடலைத் தொட்டிருந்த துணி திருப்பலியின் அருகே இருக்க வேண்டும் என்ற ஆவல் அதில் தொனிக்கிறது. நம் பங்குகள் பலவற்றில் திருவிழாவுக்கு மாதாவுக்குச் சாத்திய சேலையை ஏலத்தில் எடுத்து, மகளின் திருமணத்துக்கென்று பெட்டியில் பூட்டிவைக்கும் தாய்மாரை அறிந்தவர்களுக்கு இந்த ஆவலை விளக்க வேண்டியதில்லை. நம்மவர் துணியைப் பீடத்திலிருந்து வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். அவர்கள் வீட்டிலிருந்து பீடத்துக்கு அனுப்பினார்கள். இரண்டும் தானே முன்வந்து செய்த செயல்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆங்கில நாட்டுத் திருவுடைகளின் அருமையையும் இங்கே சற்றுச் சொல்லியாக வேண்டும். இல்லையேல் வெட்டப்பட்டது இன்னதென்று புரியாது. பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் ஐரோப்பா முழுவதும் 'ஆங்கில வேலை' என்றாலே பொன் பூத்தையல் என்று பொருள். வெள்ளியைத் தகடாகத் தட்டி, பொன்முலாம் பூசி, மெல்லிய நாடாவாக நறுக்கிப் பட்டிழையின்மேல் சுற்றுவார்கள். அந்தப் பொன்னிழையைத் துணியின் மேற்பரப்பில் கிடத்தி, அடியிலிருந்து வரும் நூலால் நுண்ணிய கண்ணிகளாகக் கீழே இழுத்துப் பிடிப்பார்கள். பிடிக்கும் நூல் மேலே தெரியாது. பொன் மட்டும் தெரியும். கண்ணி ஒவ்வொன்றும் ஒரு கீல்போல் மடங்கிக் கொடுப்பதால், பொன்னால் நிறைந்த போர்வையும் குருவின் உடலோடு இழைந்து அசையும். 1246இல் ஆங்கிலக் குருக்கள் சிலரின் உடைகளைக் கண்டு வியந்த திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட், அத்தகைய வேலைப்பாட்டைத் தமக்கு அனுப்பும்படி அந்நாட்டுச் சிஸ்டெர்சியன் மடத்தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார் என்று மத்தேயு பாரிஸ் என்னும் துறவி குறித்துவைத்திருக்கிறார். (விலை கொடுக்காமல் பெற நினைத்தார் என்றும் ஒரு குத்தல் அக்குறிப்பில் உண்டு.) 1295இல் எடுக்கப்பட்ட திருப்பீடப் பொருள் பட்டியலில் ஆங்கில வேலை நூறு முறைக்குமேல் இடம்பெறுகிறது.

இவ்வளவு செல்வமும் ஒரு தலைமுறைக்குள் சிதறியது. 1534இல் எட்டாம் ஹென்றி திருச்சபையின் தலைமையைத் தானே ஏற்றான். 1536 முதல் 1540 வரை துறவுமடங்கள் மூடப்பட்டன. அவன் மகன் ஆறாம் எட்வர்டின் காலத்தில் (1547-1553) கை பங்குக் கோயில்களுக்கும் நீண்டது. 1549இல் இலத்தீன் திருப்பலி நிறுத்தப்பட்டு ஆங்கில வழிபாட்டு நூல் திணிக்கப்பட்டது. 1552இன் இரண்டாம் நூல், சாதாரண வெள்ளை அங்கி தவிர வேறு திருவுடை எதையும் குரு அணியலாகாது என்றது. அரச ஆணையர்கள் ஊர் ஊராகச் சென்று பட்டியல் எடுத்தார்கள், பின்னர் பறித்தார்கள். பொன்னிழை மிகுந்த உடைகள் தீயிலிடப்பட்டு உருகிய உலோகம் மட்டும் எடுக்கப்பட்டதும் உண்டு.

மக்கள் வாய்மூடி இருந்துவிடவில்லை. 1549இல் டெவன், கார்ன்வால் பகுதிகளில் கிளர்ச்சி வெடித்தது. சாம்ப்ஃபோர்டு கோர்ட்னி என்னும் ஊரில் மக்கள் தங்கள் குருவைப் பழைய திருவுடைகளை அணியச் செய்து பழைய பூசையை நிறைவேற்ற வைத்ததே அதன் தொடக்கம். அரசுப் படை அக்கிளர்ச்சியை இரத்தத்தில் மூழ்கடித்தது. எக்செட்டர் நகரின் புனித தோமையார் கோயில் குரு இராபர்ட் வெல்ஷ், தம் கோயில் கோபுரத்திலேயே, திருவுடையுடன் தூக்கிலிடப்பட்டார். ஒரு துணி அன்று எத்தகைய அரசியற்பொருளாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே டெவனில் மோர்பாத் என்றொரு சிற்றூர். குடும்பங்கள் முப்பத்துமூன்று, ஆடு மேய்த்துப் பிழைத்த ஏழை மக்கள். 1520 முதல் 1574இல் இறக்கும்வரை அங்கே பங்குக்குருவாக இருந்த கிறிஸ்டோபர் டிரிக்கி, கோயில் கணக்குகளைத் தம் கைப்பட எழுதிவைத்தார். அயர்லாந்தைச் சேர்ந்த கத்தோலிக்க வரலாற்றறிஞர் ஈமன் டஃபி 2001இல் வெளியிட்ட நூலின் வாயிலாக அக்கணக்குகள் இன்று உலகறிந்தவை ஆயின. டிரிக்கிக்கு ஓர் ஆசை இருந்தது. இறந்தோருக்கான பூசையின்போது அணிய, தகுந்த கறுப்பு வெல்வெட்டுத் திருவுடைத் தொகுதி ஒன்று தம் கோயிலுக்கு வேண்டும். ஏழை ஊர், ஆகவே சிறுகச் சிறுகச் சேர்த்தார். இருபது ஆண்டுகளுக்குமேல் சேர்த்தார். 1547இல் அது வந்து சேர்ந்தது. அதே ஆண்டில்தான் எட்வர்ட் அரியணை ஏறினான். இறந்தோருக்கான பூசையே விரைவில் சட்டவிரோதமாயிற்று.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க விரும்புகிறோம். இருபது ஆண்டுகளில் அக்குரு எத்தனை பேரை அடக்கம் செய்திருப்பார்! ஒவ்வோர் அடக்கத்தின்போதும் பழைய உடையை அணிந்துகொண்டு, புதியது வரும் என்று எண்ணியிருப்பார். ஆட்டு மயிர் விற்ற காசில் ஒரு பகுதியைக் கொடுத்த கிழவிக்கு, தன் அடக்கத்தின்போதாவது அது வந்துவிடாதா என்ற நினைப்பு இருந்திருக்கும். சந்தையில் விலைபோகும் வெல்வெட்டுத் துணியென்று இதைப் பார்ப்பவருக்கு அதன் கெஜக்கணக்குத்தான் தெரியும்.

ஆபத்து வந்தபோது மோர்பாத் மக்கள் கோயில் பொருள்களைத் தங்களுக்குள் பிரித்துத் தங்கள் வீடுகளில் வைத்துக்கொண்டார்கள். ஆக, திருவுடைகள் இங்கேயும் வீடு சேர்ந்தன. ஆனால் சுவரில் தொங்கவிடப்படவில்லை. 1553இல் கத்தோலிக்க அரசி மரியா ஆட்சிக்கு வந்ததும், இன்னார் இன்னது கொண்டுவந்து கொடுத்தார் என்று மகிழ்ச்சியோடு பட்டியலிடுகிறார் டிரிக்கி.

எல்லா ஊரும் மோர்பாத் ஆகிவிடவில்லை. மரியாவுக்குப்பின் அரசியான எலிசபெத்தின் ஆட்சியில், 1566இல், லிங்கன்ஷயர் மாவட்டக் கோயில்கள் 'மூடநம்பிக்கைப் பொருள்களை' என்ன செய்தன என்று கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த அறிக்கைகள் இன்றும் கிடைக்கின்றன. பழம்பொருளை வீட்டுப் பொருளாக்குவதைப் பற்றி உலகில் இவ்வளவு விரிவான ஆவணம் வேறு இருக்குமா என்பது ஐயமே. திருவுடைகள் மெத்தைத் திண்டுகளாயின, கட்டில் திரைகளாயின, கூத்தாடிகளின் சட்டைகளாயின. பலிபீடக் கற்கள் நடைபாதைக்கும் ஓடைப் பாலத்துக்கும் அடுப்படிக்கும் போயின. எழுந்தேற்றத்தின்போது ஒலித்த சிறுமணி ஒரு குதிரையின் காதருகே கட்டப்பட்டது. அடுத்த நூற்றாண்டின் ஆங்கிலச் சபை வரலாற்றாசிரியர்களே, தனியார் கூடங்களில் பீடத்துணிகள் தொங்கியதையும், மேசைக்கும் கட்டிலுக்கும் பவனிப் போர்வைகள் விரிப்பானதையும் கசப்போடு எழுதினார்கள். அவர்கள் கத்தோலிக்கர் அல்லர் என்பது நினைவிருக்கட்டும்.

இவர்கள் எல்லாரையும் பேராசைக்காரர் என்று தள்ளிவிடலாமா? முடியாது என்றே தோன்றுகிறது. தடைசெய்யப்பட்ட பொருளை அழித்துவிட்டோம் என்று காட்டியாக வேண்டும், இல்லையேல் தண்டனை. திண்டாக மாற்றிவிட்டால் ஆணையர் ஏற்றுக்கொள்வார். துணியும் முழுதாக அழியாது. பக்தியால் வாங்கியவர் எத்தனை பேர், மலிவு என்று வாங்கியவர் எத்தனை பேர் என்று அறிக்கைகள் பிரித்துச் சொல்வதில்லை.

தலைமறைவாக வாழ்ந்த கத்தோலிக்கருக்கோ துணி உயிர்ப் பிரச்சினையாயிற்று. 1586இல் யார்க் நகரில் கசாப்புக்காரர் ஒருவரின் மனைவி மார்கரெட் கிளித்தரோவின் வீட்டைச் சோதித்தவர்கள், ஒரு சிறுவன் அச்சத்தால் காட்டிக்கொடுத்த இரகசிய அறையில் பூசைப் பாத்திரங்களையும் திருவுடைகளையும் கண்டெடுத்தார்கள். அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாள் அவர் பாரக் கற்களின்கீழ் நசுக்கிக் கொல்லப்பட்டார். 1970இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். லங்காஷயரின் ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரியில், தலைச்சுமை வியாபாரியின் பெட்டிபோல் தோன்றும் ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே இருந்தவை பூசைக்கான பொருள்களும் மெல்லிய திருவுடைகளும். திறந்து பார்ப்பவன் கண்ணுக்கு, பெண்களுக்கு விற்கக் கொண்டுபோகும் பட்டுத் துணி என்று தோன்றினால் போதும். பீடத்தின் உடை வீட்டு உடைபோல் வேடமிட்டு ஊர் ஊராகச் சென்ற காலம் அது.

வரலாறு இந்தக் கதையில் எதிர்த்திசையிலும் ஒரு தையல் போட்டிருக்கிறது. வேல்ஸ் எல்லையையொட்டிய ஹெரஃபோர்டுஷயரில் பாக்டன் என்னும் சிற்றூரின் ஆங்கிலச் சபைக் கோயிலில், நெடுங்காலம் பீடத்துணியாக இருந்த ஒரு துணி, 1909 முதல் சட்டமிடப்பட்டுச் சுவரில் தொங்கியது. வெள்ளியிழை கலந்த வெண்பட்டு. அதன்மேல் ரோசா, நார்சிசஸ், கருவாலி இலை, வண்ணத்துப்பூச்சி, தவளை, கரடி, படகிலிருந்து மீன்பிடிப்போர் என்று நெருக்கமான பூத்தையல். அரண்மனை உடை ஆய்வாளர் எலரி லின் அதை நேரில் ஆராய்ந்தபோது, பீடத்துக்கென்று நெய்ததல்ல, ஓர் ஆடையை வெட்டிச் சேர்த்ததே என்று வெட்டுக்களின் வடிவம் காட்டியது. வெள்ளியிழைத் துணி உடுத்தும் உரிமை சட்டப்படி அரச குடும்பத்தாருக்கும் மிகச் சிலருக்குமே இருந்தது. முதலாம் எலிசபெத்தின் அணுக்கத் தோழியாக இருந்து 1590இல் இறந்த பிளான்ச் பாரி பாக்டனில் பிறந்தவர். ஆகவே அது எலிசபெத்தின் ஆடையே என இன்று பெரிதும் நம்பப்படுகிறது. 2019 அக்டோபரில் அது ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் காட்சிக்கு வைக்கப்பட்டது. குருக்களின் திருவுடைகளைக் களையச் செய்த அரசி, 1570இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் திருச்சபையிலிருந்து விலக்கிய அரசி. அவளுடைய ஆடை ஒரு கிராமத்துப் பீடத்தில் நூற்றாண்டுக்கணக்காக விரிந்து கிடந்திருக்கிறது. அதன் தொடக்கத்தை மறந்தவர்களாய், ஆனால் அதைப் போற்றிக் காத்தவர்களாய் அவ்வூர் மக்கள் அதன்முன் மண்டியிட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் பிரிந்த சகோதரர்களின் பழங்கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் வழிபாட்டு முறை எளிமையானபோது, ஐரோப்பாவின் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றிலிருந்தே பழைய திருவுடைகள் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. அவற்றின் பொற்பட்டைகள் வெட்டப்பட்டு வரவேற்பறைத் திண்டுகளாகவும் மேசைப் பட்டைகளாகவும் இன்றும் விலைக்கு வருகின்றன. இம்முறை ஆணையர் எவரும் வந்து மிரட்டவில்லை. அர்ப்பணிக்கப்பட்ட அல்லது மந்திரிக்கப்பட்ட திருப்பொருள்கள், தனியாரின் உடைமையாக இருந்தாலும், மரியாதையோடு நடத்தப்பட வேண்டும், உலகியல் பயனுக்கோ தகாத பயனுக்கோ கொடுக்கப்படலாகாது என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 1171ஆம் பிரிவில் கூறுகிறது. நைந்துபோனதை எரிப்பதோ புதைப்பதோதான் பழைய வழக்கம்.

இனி ஹார்ட்விக் மாளிகைக்கு வருவோம். அதைக் கட்டியவர் ஷ்ரூஸ்பரி கோமாட்டி எலிசபெத். மக்கள் வழக்கில் 'ஹார்ட்விக் பெஸ்'. நான்கு கணவரை மணந்து, ஒவ்வொரு மணத்திலும் செல்வம் பெருக்கி, 1608இல் இறந்தார். இரண்டாம் கணவர் வில்லியம் கேவண்டிஷ், மூடப்பட்ட மடங்களின் சொத்துக் கணக்கைப் பார்த்த அரச அதிகாரி. மூன்றாம் கணவர் வில்லியம் செயின்ட் லோ. சுவர்த்திரைகள் 1570களில், நான்காம் கணவரின் காலத்தில், சாட்ஸ்வொர்த் மாளிகையில் தயாராயின. பின்னாளில் அந்நான்காம் கணவரோடு சொத்துத் தகராறு முற்றியபோது, திரைகள் யாருக்கு உரியவை என்ற கேள்வி எழுந்தது. பெஸ் அளித்த விடை எழுத்தில் இருக்கிறது: போர்வைகளைச் செயின்ட் லோ வாங்கினார், பூத்தையற்காரர் ஒரு நேரத்தில் ஒருவருக்குமேல் இருந்ததில்லை, வேலையில் பெரும்பகுதியைத் தன் குதிரைக்காரர்களும் பணிப்பெண்களும் சில சிறுவர்களுமே செய்தார்கள், கணவர் கொடுத்தது ஐந்து பவுனுக்கும் பெறாது. போர்வைகள் யாருடைய பீடத்திலிருந்து வந்தன என்பது அந்த வழக்கில் எவருக்கும் தேவைப்படவில்லை.

ஐந்து திரைகளில் நான்கு எஞ்சியுள்ளன. ஒன்றில் நிற்பவள் பெனலோப்பி. கணவன் திரும்பும்வரை பகலில் நெய்து, இரவில் பிரித்து, மறுமணத்தைத் தள்ளிப்போட்ட கிரேக்கக் காவியத் தலைவி. மடத்துப் போர்வைகளைப் பிரித்துத் தைத்த கூடத்திற்கு அவளைத் தேர்ந்தவர் இந்தப் பொருத்தத்தை எண்ணினாரோ, தெரியாது. அதே ஆண்டுகளில், அதே குடும்பத்தின் காவலில், கத்தோலிக்கரான ஸ்காட்லாந்து அரசி மேரி கைதியாக இருந்தார். பெஸ்ஸுடன் அமர்ந்து பூத்தையலும் செய்துவந்தார். திரைகளை அவர் பார்த்தாரா, பார்த்து என்ன நினைத்தார் என்று எழுதிவைக்கவில்லை. 1587இல் அவர் தலை வெட்டுண்டது.

பெஸ்ஸின்மேல் நமக்கு அன்பில்லை. இருந்தும் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. உருக்குவோர் கைக்குப் போன போர்வைகளில் இன்று ஓர் இழைகூட இல்லை. அவர் வெட்டித் தைத்தவை இருக்கின்றன. 1959 முதல் மாளிகை தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. ஆய்வாளர்கள் திரைகளை அருகிருந்து பார்த்து, இந்தத் துண்டு எந்தப் போர்வையின் எந்தப் பகுதி என்று கணிக்கிறார்கள். பட்லர்-பௌடன் போர்வை என்னும் பதினான்காம் நூற்றாண்டுப் பொற்போர்வையும் இவ்வாறே ஒரு காலத்தில் வெட்டுண்டு கிடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் ஒன்றாகத் தைக்கப்பட்டது. 1955 முதல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹார்ட்விக் துண்டுகளை அப்படிச் சேர்க்க வழியில்லை. சேர்த்தால் பெனலோப்பி கலைந்துவிடுவாள். நானூற்றைம்பது ஆண்டுகளாக அவளும் ஒரு கலைப்பொருள்.

அந்தக் குதிரைக்காரர்களையும் பணிப்பெண்களையும் சிறுவர்களையும் பற்றித்தான் நாம் அடிக்கடி எண்ணுகிறோம். 1570களில் பத்து வயதுச் சிறுவன், எலிசபெத் அரசியான பின் பிறந்தவன்; திருவுடை அணிந்த குருவைக் கண்டிருக்கவே மாட்டான். அவன் கையில் இருந்தது நல்ல சிவப்பு வெல்வெட்டு. ஆனால் நாற்பதைக் கடந்த பணிப்பெண் மரியாவின் ஆட்சியில் வயது வந்தவள். திருவிழா நாளில் பவனி தன்னைக் கடக்கையில், மண்டியிட்ட நிலையில், குருவின் தோளிலிருந்து தரைவரை இறங்கிய இத்தகைய பொன்விளிம்பை ஒரு முழ தூரத்தில் பார்த்திருப்பாள். சாட்ஸ்வொர்த்தின் நீண்ட மேசையில் இருவரும் எதிரெதிரே அமர்ந்து, கோமாட்டி கொடுத்த அளவுக்கு, பெனலோப்பியின் பாவாடையை நறுக்கிக்கொண்டிருந்திருக்கக் கூடும்.